விதைக்கு உயிருள்ள மருந்து வேண்டும்

மானாவாரி நிலக்கடலை பயிரிடும் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். விழுது இறங்கும் சமயத்தில் நன்றாயிருந்த செடி திடீரென்று வாடும். பிடுங்கினால் வேர்ப்பட்டை நார் நாராக உரிந்து வரும். இதுதான் வேரழுகல். மில் தொழிலாளி நூற்கும் பஞ்சு விளைகிற பருத்திக் காட்டிலும் இதே நோய் உண்டு. நோயை உண்டாக்கும் பூசணம் கடுகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகளாக மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கிறது. மண் வறண்டு வெயில் ஏறினால் அதற்குக் கொண்டாட்டம். கடன் வாங்கி விதைத்த குத்தகை விவசாயிக்குக் கடன் மட்டும் மிஞ்சுகிறது. கடலை பறிக்கப் போகும் கூலிப் பெண்களுக்கு வேலைநாட்களும் போய்விடுகின்றன.

இந்தப் பூசணத்துக்கு மண்ணிலேயே ஒரு பகையாளி உண்டு. அதுவும் ஒரு பூசணம்தான், பெயர் ட்ரைக்கோடெர்மா. 1932ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் வைண்ட்லிங் என்ற விஞ்ஞானி, அது நோய்ப் பூசணத்தின் இழையைக் கொடிபோல் சுற்றி வளைத்துக் கொல்வதை எடுத்துக் காட்டினார். அன்றியும் அது வேகமாக வளர்ந்து, வேரைச் சுற்றியுள்ள இடத்தை முதலில் பிடித்துக்கொள்கிறது. நிலத்தைப் பிடிப்பவர்களில் விவசாயிக்கு உதவுகிறவன் இவன் ஒருவன்தான்!

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளிது. விதைப் பருப்பு கிலோவுக்கு 4 கிராம் பொடி. வயலுக்கு என்றால், ஏக்கருக்கு 1 கிலோ பொடியை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து ஈர மண்ணில் இட வேண்டும். ரசாயனப் பூசணக்கொல்லியோடு கலந்தால் செத்துப்போகும். வாடிய செடியை இது பிழைக்க வைக்காது; வருமுன் காப்பதே இதன் வேலை. விஷம் பூசிய விதையை வெறுங்கையால் அள்ளும் கூலியாளுக்கு இதன் அருமை புரியும். 1971-72ல் இராக்கில், பூசணத்தைக் கொல்லப் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுத் தின்ற ஏழை ஜனங்களில் 459 பேர் ஆஸ்பத்திரிகளில் மாண்டார்கள்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பாக்கெட்டில் பெரும்பகுதி மாக்கல் தூள்தான். நாம் காசு கொடுப்பது அதிலுள்ள உயிருக்கு. ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர் வித்துக்கள் இருக்க வேண்டும் என்பது சர்க்கார் வகுத்த அளவு. கோடை முழுவதும் தகரக் கூரையின் கீழ் வெந்த பாக்கெட்டில் எத்தனை மிஞ்சும்? செத்த பொடியும் உயிருள்ள பொடியும் பார்வைக்கு ஒன்றுதான். நூலின் கவுண்ட் தவறினால் மில் தொழிலாளி நிறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். விவசாயி எதை வைத்துப் பார்ப்பார்? பரிசோதனைச் சாலைக்குத்தான் அது தெரியும். ஆகவே அது சர்க்காரின் பொறுப்பு.

ஆடிப்பட்டம் தொடங்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையங்களுக்குப் புதுச் சரக்கு வந்து சேர வேண்டும். விதைத்த பிறகு வரும் மூட்டை யாருக்கு? கடைச் சரக்கையும் மையத்தின் சரக்கையும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை ஜனங்கள் படிக்கும்படி மையத்தின் வாசலில் ஒட்ட வேண்டும். பட்டா, சிட்டா காட்ட முடியாத குத்தகை விவசாயிக்கும் அதே மானிய விலையில் கொடுக்க வேண்டும்.