பூடான்காரன் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்



மண்டபம் பக்கம் மீன் இறங்குதளத்துச் சாலையைச் செப்பனிட டெண்டர் போட்டேன். சில லட்ச ரூபாய் வேலை. முன்வைப்புத் தொகை கட்டி, தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்து சொத்து மதிப்புச் சான்றும் வாங்கி வைத்தேன். தள்ளிவிட்டார்கள். இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டுக்காரன் அல்ல என்ற உறுதிமொழியை முத்திரைத்தாளில் தராமல் வெள்ளைத்தாளில் தந்துவிட்டேனாம். முத்திரைத்தாள் வேண்டும் என்று படிவத்தில் எங்குமே இல்லை. தாத்தா காலத்திலிருந்து இந்தக் கரையில் ஜல்லி கொட்டுகிறவன் சீனாக்காரனா, பூடான்காரனா என்று அந்த அலுவலகத்துக்கு அப்படி ஒரு சந்தேகம்!

இந்த உறுதிமொழியைக் கேட்கும் மத்திய அரசின் 2020 ஜூலை 23 ஆணை நாட்டின் பாதுகாப்புக்கு என்கிறார்கள். இருக்கட்டும். இந்தியாவிடம் கடனுதவி வாங்கும் நாடுகளுக்குத் தனி ஆணையில் விலக்கு உண்டு, எனக்குத்தான் இல்லை. ஆணையும் நில எல்லைக்கு மட்டும். எங்கள் எல்லை தண்ணீரில் அல்லவா கிடக்கிறது? 2022இல் பறிமுதல் செய்த நம் படகுகள் 105ஐ இலங்கை ஏலத்துக்கு விட்டபோது எந்தப் படிவம் குறுக்கே வந்தது?

என்னை இவ்வளவு குடைகிறவர்கள் பெரிய கம்பெனிகளிடம் ஒரு கேள்வி கேட்டதுண்டா? நம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வைத்து, யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு மின்வாரியத்துக்கு விற்கிறது அதானி குழுமம். அதன் துறைமுகக் கம்பெனி யாங்கோனில், அதாவது நம் பழைய ரங்கூனில், சரக்கு முனையம் கட்டியது மியான்மர் ராணுவ நிறுவனத்தின் குத்தகை நிலத்தில். 2021இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பறித்தது, நார்வேயின் கே.எல்.பி. ஓய்வூதிய நிதியம் அந்தக் கம்பெனியில் போட்டிருந்த முதலீட்டை எடுத்துக்கொண்டது. கமுதி ஒப்பந்தம் 2015லேயே கையெழுத்தாகிவிட்டது, முனையத்தையும் 2023இல் விற்றுவிட்டார்கள் என்பீர்கள். சரி, இடைப்பட்ட வருடங்களில் சென்னையிலிருந்து ஒரு கடிதமாவது போயிற்றா? ரங்கூனிலிருந்து கட்டிய துணியோடு திரும்பிய குடும்பங்கள் இன்றும் இருக்கிற மாவட்டம் இது.

வெளியுறவு டெல்லியின் வேலை என்பது உடனே வரும் பதில். பர்மாவில் வியாபாரம் செய்யும் கம்பெனிகளை மாநில ஒப்பந்தங்களிலிருந்து ஒதுக்க 1996இல் சட்டம் போட்டது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2000இல் அதை ரத்து செய்தது உண்மைதான். அதே விஷயத்தில் மத்திய சட்டம் ஒன்று இருந்ததால் ரத்து செய்தது. இங்கே அப்படி எந்தச் சட்டம் இருக்கிறது? சூடானில் தொழில் செய்யும் கம்பெனிகள் விஷயத்தில் 2007இல் அமெரிக்க நாடாளுமன்றமே அந்த வழிக்கு வந்தது.

நம் சட்டமன்றமோ 2011 ஜூன் 8 அன்று இலங்கை மீது பொருளாதாரத் தடை கேட்டு டெல்லிக்குத் தீர்மானம் அனுப்பியது. மேசை தட்டியவர்களுக்குத் தங்கள் கையில் இருக்கும் டெண்டர் படிவம் மட்டும் கண்ணில் படவில்லை.

அந்தப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: போர் நடக்கும் மண்ணிலும் ராணுவம் பிடித்த நிலத்திலும் எங்களுக்குத் தொழில் இல்லை என்று கம்பெனிகள் எழுதித் தரட்டும், முத்திரைத்தாளிலேயே. நானும் தருகிறேன். உச்சிப்புளியைத் தாண்டி எனக்கு வியாபாரம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு சிறு ஒப்பந்ததாரர்,
மண்டபம்