போலி கிளெய்ம் கேஸ் நடத்துற செலவு யார் தலையில?

உங்க கார் 1,000 சிசிக்கு மேல 1,500 சிசிக்குள்ள இருந்தா தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 2022 ஜூன்ல மத்திய அரசு நிர்ணயிச்ச தொகை இது. போலி கிளெய்ம்ல போற பணமும் கடைசியில பிரீமியத்துலதான் வந்து ஏறும், அது தெரிஞ்ச கதை. ஆனா அந்த மோசடிக்காரரைப் பிடிச்சுத் தண்டனை வாங்கித் தர்ற செலவு? போலீஸ், அரசு வக்கீல், கோர்ட், ஜெயில் எல்லாமே வரிப்பணம். சைக்கிள்ல போறவரும் சேர்த்துதான் கட்டுறார்.

கட்டியும் என்ன நடக்குது? உத்தரப் பிரதேசத்துல இதை விசாரிக்க, அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015ல சொல்லி சிறப்புப் புலனாய்வுக் குழு அமைச்சாங்க. 2021ல விஷயம் உச்ச நீதிமன்றத்துல வந்தப்போ, சந்தேகத்துக்குரிய 1,376 கேஸ்ல விசாரிச்சு முடிச்சது 246தான். ஆறு வருஷம்!

பிரிட்டன்ல வேற வழி. லண்டன் சிட்டி போலீஸ்ல இன்சூரன்ஸ் மோசடிக்குன்னே 2012லேர்ந்து ஒரு பிரிவு இருக்கு, அதுக்குப் பணம் தர்றது இன்சூரன்ஸ் கம்பெனிங்க. ஆதாயம் யாருக்கோ அவங்களே செலவு பண்ணட்டும்கிறது எனக்கு நியாயமாத்தான் படுது. (இங்க அந்தக் கோடே கொஞ்சம் கலங்கல். 2019-20லேர்ந்து மூணு வருஷத்துல அரசு மூணு பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு 17,450 கோடி மூலதனம் போட்டிருக்கு. அதுவும் நம்ம பணம்தானே!)

ஆனா ஒரு பயம் இருக்கு. பணம் தர்ற கம்பெனியைத் திருப்திப்படுத்த, புருஷனை விபத்துல பறிகொடுத்துட்டு ட்ரிப்யூனல் வாசல்ல நிக்கிற அம்மாவையும் சந்தேகக் கண்ணோட பார்க்க ஆரம்பிச்சா? அவங்களுக்கு இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போனா பிள்ளையோட படிப்பு நின்னுடும். அதனால கம்பெனிங்க கட்டட்டும், ஆனா நேரா போலீஸுக்கு வேண்டாம். ஐஆர்டிஏஐ மூலமா பொது நிதியா போகட்டும். எந்தக் கேஸை எடுக்கிறதுன்னு கம்பெனி சொல்லக் கூடாது.

இதெல்லாம் நடக்கிறப்போ நடக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். "இடிச்ச வண்டி எதுன்னு தெரியல, உங்க வண்டி நம்பரைப் போட்டுக்கலாமா?"ன்னு தெரிஞ்சவரே வந்து கேட்பார். பாவமாத்தான் இருக்கும், ஆனா சரின்னு சொல்லிடாதீங்க, நீங்களும் மோசடி கேஸ்ல சேர்ந்துடுவீங்க. அடையாளம் தெரியாத வண்டி இடிச்சு இறந்தா 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் தர்ற மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரல்லேர்ந்து இருக்கு. அந்த விண்ணப்பத்தை நிரப்பக் கூட உட்கார்ந்து உதவுங்க. தொகை ரொம்பக் குறைவு, ஒத்துக்கிறேன். அதைப் பத்தி இன்னொரு வீடியோவுல சண்டை போடுவோம்.