பேசாத பேச்சுக்குப் பணம்

கையடக்கத் தொலைபேசி ஒன்றை மாற்றிக்கொள்ள முடியவில்லை என்ற முறைப்பாட்டுக்குத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழில் இடமுண்டா என வினவுவோர் இருப்பர். இலக்கியத்தையும் வரலாற்றையும் ஆராய வேண்டிய பக்கங்களிற் சில்லறைக் கடைக் கணக்கு எதற்கு என்றும் கேட்பர். கணக்கு என்னுடையது மட்டுமாயின் அதனை என் கொப்பியோடு நிறுத்தியிருப்பேன். எமது விடுதியின் ஒரு மாடியில் மாத்திரம் இதே தளையில் அகப்பட்டவர் ஒன்பதின்மரைக் கண்டேன். அவருள் எழுவர் தாம் எதற்குக் கையொப்பமிட்டோம் என்பதையே அறியார். ஆகவேதான் எழுதத் துணிந்தேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகிழ்ச்சியில், கல்முனைப் பிரதான வீதியிலுள்ள ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கிளைக்கு வாப்பாவும் நானும் சென்றோம். கடை விலை 62,000 ரூபாவான தொலைபேசி ஒன்றை மாதம் 3,900 ரூபா வீதம் இருபத்து நான்கு மாதங்களுக்குக் கட்டி முடிக்கும் ஒப்பந்தத்தில் வாப்பா தமது பெயரிற் கையொப்பமிட்டார். மொத்தம் 93,600 ரூபா. அதனுள் மாதத்துக்கு 900 ரூபா அழைப்புக்கும் டேட்டாவுக்கும் உரியது. எஞ்சிய 72,000 ரூபா பேசிக்கு உரியது. தவணைக்காகப் பத்தாயிரம் ரூபா மேலதிகமாயிற்று. அதனையும் நான் பொறுத்துக்கொண்டேன். கடனுக்குக் கூலி உண்டென்பது ஊரறிந்த செய்தி.

பதினான்காம் மாதம் பற்றரி ஒரு விரிவுரை முடியுமுன்னரே சோர்ந்து விழத் தொடங்கிற்று. உள்ளிருக்கும் இடம் நிரம்பி, பாடக்குறிப்புக் கோப்பு ஒன்றைத் திறக்க மற்றொன்றை அழிக்க வேண்டியதாயிற்று. வேறு பேசிக்கு மாறுவதாயின் என்ன செய்ய வேண்டும் எனக் கேட்டேன். எஞ்சிய பத்து மாதங்களின் 39,000 ரூபாவையும் ஒரே தடவையிற் செலுத்த வேண்டும் என்றனர். பேசியின் கடனை நான் கட்டத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அத்தொகையினுள் இனி நான் பேசப்போகாத பத்து மாதப் பேச்சுக்கும் பார்க்கப்போகாத டேட்டாவுக்கும் உரிய 9,000 ரூபா கிடக்கிறதே, அது எந்த நியாயத்தின்பாற்பட்டது? அழைப்பு எடுக்கப்படவில்லை, சேவை வழங்கப்படவில்லை, பணம் மட்டும் வாங்கப்படுகிறது. என் வழக்கு முழுவதும் இந்த ஒன்பதினாயிரத்திலேயே நிற்கிறது.

“நீங்கள் விரும்பித்தானே ஒப்பமிட்டீர்கள்?” என்றார் கருமபீடத்திலிருந்த இளைஞர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் எம்மைப் போன்ற ஒருவர்தாம். ஆனால் அவ்வினாவின் பின்னே ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. சமமான இருவர் தம் விருப்பின்படி செய்துகொண்ட உடன்படிக்கையில் மூன்றாமவர் தலையிடலாகாது என்பதே அத்தத்துவம். யார் சமம்? நான்கு பக்கத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தது. வாப்பா பத்திரிகையை முதலெழுத்திலிருந்து கடைசி மரண அறிவித்தல் வரை தமிழில் வாசிப்பவர், ஆங்கிலம் அறியார். நானோ உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் கற்றவன். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக ஏற்றது 1987ஆம் ஆண்டில். கரையோரத் தமிழ்பேசும் ஊரொன்றில், தமிழிலேயே பேசிப் பொருளை விற்று, ஆங்கிலத்திலேயே கட்டிப்போடும் வழக்கம் அதன் பின்னரும் மாறவில்லை. விளம்பரப் பலகை தமிழில். தண்டப் பிரிவு ஆங்கிலத்தில். இதனைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை.

இன்னொரு கட்சியினர் எம் நண்பர்களுள்ளேயே உளர். புதிய பேசி மீதான ஆசை நுகர்வுப் பண்பாட்டின் நோய். அதற்கு மருந்து ஒப்பந்தச் சீர்திருத்தமன்று, ஆசையடக்கமே என்பர். ஆசை எனக்குச் சற்றும் இல்லை என்று சொன்னால் அது பொய். நல்ல கமரா உள்ள பேசியை நானும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததுண்டு. ஆனால் பேசி இன்று ஆடம்பரப் பொருள் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. 2020 மார்ச்சிற் கொரோனாவினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரை மண்டபம் முழுவதும் பேசிக்குள் குடிபெயர்ந்தது. ‘லேர்ன்’ கல்வி வலையமைப்பின் வழியாக வகுப்புகளிற் கட்டணமின்றிச் சேர நிறுவனங்கள் இடமளித்தன. அதனைப் பாராட்டாமல் விடுவது நன்றியன்று. எனினும் டேட்டா இலவசமாயிற்றேயன்றிப் பேசி இலவசமாகவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று, பேசியும் அதற்குட்பட்டது. ரொக்கத்துக்கு வாங்கும் வலு அற்றுப்போன வீடுகளே தவணைக்கு வந்தன. நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொல உதவிப்பணத்தை 7,500 ஆக்குவதற்கு 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. அவ்வுயர்வையும் சேர்த்துப் பார்த்தால்கூட, என் தவணை அதிற் பாதிக்கு மேல். ஆசையடக்கம் போதிப்போர் இக்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இக்கணக்கை வீட்டிற் சொன்னபோது வாப்பா சிரித்தார். “இது நம்மட முதலாளிட கணக்குத்தான் மகன்” என்றார். அவர் கூற்றை விளக்கக் கல்முனைக்குடிக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிற் படகை இழந்த வாப்பா, பின்னர் கிடைத்த படகுக்கு எஞ்சின் வாங்க மீன் முதலாளி ஒருவரிடம் முற்பணம் பெற்றார். வட்டி என்ற சொல்லே அங்கு எழவில்லை. மார்க்கம் விலக்கியதை யார் வாயாற் சொல்வது? நிபந்தனை ஒன்றுதான்: கடன் தீரும்வரை பிடிக்கும் மீன் முழுவதும் அவருக்கே; விலை அவர் சொல்வதே. பக்கத்துக் கரையிற் கிலோவுக்கு எவ்வளவு அதிகம் கொடுத்தாலும் அங்கே கூடையை இறக்கலாகாது. கடன் என்பது வெறும் கடனாக இருந்திருந்தால் என்றோ கட்டி முடித்திருப்பார். கடனோடு மீனையும் பிணைத்தமையாலேயே அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. விலை குறையக் குறையக் கடன் தீர்வது பிந்தும். கடன் தீர்வது பிந்தப் பிந்த விலையும் அவர் கையிலேயே இருக்கும்.

பேசி ஒப்பந்தத்தின் உள்ளமைப்பும் இதுவே. எஞ்சினுக்குப் பதிலாகப் பேசி. மீனுக்குப் பதிலாக என் மாதாந்தப் பேச்சு. ஒரே வியாபாரத்தினுள் இரு வியாபாரங்களைப் புகுத்துவதைத் தடுக்கும் நபிமொழி ஒன்றுண்டு. அதன் எல்லைபற்றிச் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள. அவ்விவாதத்துள் நுழைய எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இரண்டைப் பிணைக்கும்போது விலை மறைகிறது என்ற அனுபவம் பழையது என்பதை அது காட்டுகிறது. கடற்கரை முதலாளியிடம் ஒரு நன்மையுமிருந்தது. அவர் எம் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தார்; மௌத்துக்கும் வந்தார். வாப்பா நோயுற்றுக் கிடந்த மாதம் தவணையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் அவரை நிறுத்தி நாலுபேர் முன்னிலையில் நியாயம் கேட்கலாம். நிறுவனத்தை எங்கே நிறுத்துவது? தமிழுக்கு இன்ன இலக்கத்தை அழுத்துக என்கிறது ஒரு குரல். அழுத்தினால் இசை கேட்கிறது.

இது உலக நியதி, மாற்ற முடியாதது என்பார்க்கு அயல்நாடுகளைக் காட்டலாம். கனடாவில் 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கம்பியில்லாச் சேவை விதிக்கோவை, இடைவிலகுபவரிடம் பேசியின் தீராத பெறுமதிக்கு மேல் அறவிடலாகாது என்றும், அத்தொகை மாதந்தோறும் குறைந்து இரண்டு ஆண்டில் இல்லாதொழிய வேண்டும் என்றும் விதித்தது. பேசாத பேச்சுக்கு அங்கே விலையில்லை. பிரித்தானியாவின் ஒழுங்குபடுத்துநரான ஓஃப்கொம், ஒப்பந்தம் முடிவதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் கடமையை 2020 பெப்ரவரி முதல் நிறுவனங்கள்மீது சுமத்தியது. பேசியைத் தம் வலையமைப்புக்கு மட்டும் பூட்டி விற்பதை 2021 டிசம்பரில் தடை செய்தது. இவை புரட்சி நாடுகளல்ல. சந்தையைத் தெய்வமாகத் தொழும் நாடுகளே.

எம் நாட்டிலோ தென்னாசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கிற்று என்று பெருமை பேசுகிறோம். இலக்கத்தை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி இந்தியா முழுவதற்கும் 2011 ஜனவரி 20 அன்று கிடைத்தது. அதன் பின்னரும் பத்தாண்டுக்கு மேல் எமக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்ற பெயரைக் கேட்டதும் நான் மகிழ்ந்தேன். படித்ததும் மகிழ்ச்சி வடிந்தது. விற்பவர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களையே அது பெரிதும் நோக்குகிறது. வாங்குபவரின் காலைக் கட்டும் வாசகங்களையன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ் எழுத்து மூல முறைப்பாட்டை விற்பனையிலிருந்து மூன்று மாதங்களுக்குட் செய்ய வேண்டும். என் பற்றரிக்கு அவ்விதி தெரிந்திருக்கவில்லை. அது பதினான்காம் மாதத்திலேயே சோர்ந்தது.

நாம் கேட்பது அதிகமன்று. பேசியின் தவணை வேறு, சேவையின் கட்டணம் வேறு என மாதாந்தப் பட்டியலில் இரு வரிகளாக எழுதுக. விலகுவோரிடம் முதலாவதன் மீதியை வாங்குக, இரண்டாவதைத் தொடாதிருக்க. தமிழ்பேசும் ஊரில் விற்கும் தாளைத் தமிழிலும் தருக. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இம்மூன்றையும் விதியாக்குதல் வேண்டும்.

அதுவரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. புதுமுக மாணவர் வரும் வாரத்தில் வாயிலருகே நிறுவனங்கள் நிறக் குடைகளை விரித்து மேசை போடுவதை யாவரும் கண்டிருப்பீர். அடுத்த ஆண்டு அவற்றின் அருகே நாமும் ஒரு மேசை போடுவோம். அந்த நான்கு பக்கத் தாளை நானும் சட்டபீட நண்பர் ஒருவரும் தமிழாக்கி வருகிறோம். மூன்றாம் பக்கம் வரை முடிந்துவிட்டது. நான்காம் பக்கத்திலேதான் அந்த ஒன்பதினாயிரம் இருக்கிறது.