ஈமேக்ஸ் தோழர்களே, இன்றே 30.1-க்கு ஏறுங்கள்!



இதைப் படிக்கும்போது பக்கத்து ஜன்னலில் ஈமேக்ஸ் திறந்திருக்கிறதா? முதலில் அதன் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 30.1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் தொடர்ந்து படிக்கலாம். அதற்குக் கீழே இருந்தால், உங்கள் டிஸ்ட்ரோ பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே சேர்த்துத் தந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கவில்லை என்றால் மேம்படுத்திவிட்டு வாருங்கள். விளக்கம் காத்திருக்கும்.

ஓட்டையின் எண் சிவிஇ-2025-1244. 2025 பிப்ரவரியில் வெளியான 30.1 அதை அடைத்தது. அது என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "அப்டேட் பண்ணு" என்று மட்டும் சொன்னால் நம்மில் பாதிப் பேர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம்.

ஈமேக்ஸுக்குள்ளிருந்தே யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களைப் படிக்க 'மேன்' கட்டளை இருக்கிறது. நாம் கொடுக்கும் தலைப்பை வாங்கி, அது ஒரு கட்டளை வரியைக் கோக்கிறது. வெளியீட்டை வேறு சில நிரல்கள் வழியாக வடிகட்ட வேண்டியிருப்பதால் அந்த வரி நேராக மேன் நிரலுக்குப் போவதில்லை, ஷெல்லிடம் போகிறது. எது தலைப்பு, எது கட்டளை என்று ஷெல்லுக்கு எப்படித் தெரியும்? தலைப்பின் நடுவே ஓர் அரைப்புள்ளி வந்தால், அதற்கு முன்னால் இருப்பது ஒரு கட்டளை, பின்னால் இருப்பது இன்னொன்று. அந்த இன்னொன்று உங்கள் பெயரில், உங்கள் அனுமதிகளோடு ஓடும். எஸ்எஸ்எச் சாவி, மின்னஞ்சல் பெட்டி, நீங்கள் எழுதும் நிரல்களின் களஞ்சியம் என்று நீங்கள் தொடக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் தொடும்.

"தலைப்பைத் தட்டச்சு செய்வதே நான்தானே, எனக்கு நானே விஷம் வைத்துக்கொள்வேனா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் தலைப்பு உங்கள் விரலிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. 'மேன்' என்று தொடங்கும் இணைப்புகளையும் ஈமேக்ஸ் புரிந்துகொள்கிறது. யாரோ எழுதிய பக்கத்தில் அப்படி ஓர் இணைப்பு இருந்தால் போதும். அதைவிட மோசம், சாதாரண எச்டிடிபி முகவரி ஒன்று வழிமாற்றி உங்களை அங்கே கொண்டுபோய் விடலாம். நீங்கள் சொடுக்கிய இணைப்பைப் பார்த்தால் சந்தேகமே வராது.

தற்காலிகமாக ஏதாவது செய்ய முடியுமா? இணைப்புகளைக் கையாளும் பகுதியில் 'மேன்' வகையை அணைத்துவிடலாம் என்று தோன்றும். அது பாதி அடைப்புதான். ஈமேக்ஸின் யூஆர்எல் நூலகத்துக்குள்ளும் கையேட்டுப் பக்கத்தைத் திறக்கத் தனி வழி இருக்கிறது. வழிமாற்றம் அந்த வாசலால் நுழையும். இரண்டு வழியும் கடைசியில் மேன் செயற்கூறில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே உடனே மேம்படுத்தவே முடியாத கணினியில், அந்தச் செயற்கூறுக்கு முன்னால் ஒரு காவலை நிறுத்துங்கள்: எழுத்து, எண், புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி தவிர வேறு எது தலைப்பில் வந்தாலும் மறுத்துவிடட்டும். மேம்படுத்தும்வரை ஈமேக்ஸுக்குள் உலாவ வேண்டாம், அறியாத மடலில் வந்த இணைப்பை அங்கே திறக்கவும் வேண்டாம். இது ஒரு வாரத்துக்கான ஏற்பாடு, ஒரு வருடத்துக்கானது அல்ல.

பதிப்பு எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படவோ நிம்மதி அடையவோ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். டெபியன், ரெட் ஹாட் போன்றவை பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பவை. பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்து இந்தச் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். இருந்தால் சரி. மூலநிரலிலிருந்து நீங்களே கட்டமைத்துக்கொண்டவர் என்றால் உங்களுக்காக யாரும் திருத்தம் சேர்க்கப் போவதில்லை. நம்மில் பெருமையோடு அப்படிச் செய்பவர்கள்தான் அதிகம்!

30.1-இல் இன்னொன்றும் இருக்கிறது. சிவிஇ-2024-53920: பிறர் எழுதிய லிஸ்ப் கோப்பைத் திறந்து, நிரல் நிரப்பியோ பிழை சரிபார்ப்போ வேலை செய்யும்போது, அந்தக் கோப்பிலுள்ள மேக்ரோக்கள் விரிக்கப்பட்டு நிரல் ஓடிவிடும். படிக்கத்தான் திறந்தோம், ஓட்டச் சொல்லவில்லை. புதிய பதிப்பில் நம்பத் தகுந்த கோப்புகளின் பட்டியலை நாமே தர வேண்டும். தொடக்கத்தில் அது காலியாக இருக்கும். தொந்தரவாக இருக்கிறது என்று வீட்டு அடைவு முழுவதையும் அதில் போட்டுவிடாதீர்கள். பதிவிறக்கங்களும் அங்கேதான் கிடக்கின்றன.

'மேன்' ஓட்டை ஒற்றை விபத்து இல்லை. 2022-இன் எண்களைப் பாருங்கள். சிடேக்ஸ் நிரல் (சிவிஇ-2022-45939) கோப்புப் பெயரை அப்படியே ஷெல்லுக்குத் தந்தது. ரூபி மோடு (48338) நூலகப் பெயரைத் தந்தது. எச்டிஎம்எல் ஃபான்டிஃபை (48339) மறுபடியும் கோப்புப் பெயரை. 2023-இல் ஆர்க் மோடின் லேடெக் பகுதியில் (28617) அதே கதை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடைத்தோம், அப்பாடா என்றோம், அடுத்த கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. "மூலநிரல் திறந்திருக்கிறது, ஆயிரம் கண்கள் பார்க்கின்றன" என்று மேடையில் பேசுகிறோமே, அந்தக் கண்கள் யாருடையவை? என்னுடையவையும் உங்களுடையவையும்தானே. 1985-இலிருந்து நம் கையில் இருக்கும் குனு ஈமேக்ஸை யாரோ சம்பளத்துக்குக் காவல் காக்கிறார்கள் என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

விம் முகாம் தோழர்கள் சிரிக்க வேண்டாம். 2019-இல் ஓர் உரைக்கோப்பைத் திறந்தாலே, அதன் மோடுலைன் வழியாகக் கட்டளை ஓடியது (சிவிஇ-2019-12735), விம் 8.1.1365-உம் நியோவிம் 0.3.6-உம் வந்துதான் அது நின்றது. நமக்கு 30.1 வந்த அதே பருவத்தில் உங்கள் டார் செருகுநிரலும் காப்பகத்துக்குள் இருந்த பெயரை நம்பி ஏமாந்தது, 9.1.1164 வரை ஏறுங்கள். மோடுலைனை அணைத்தே வையுங்கள், இழப்பு ஒன்றும் இல்லை. எடிட்டர் சண்டையை அப்புறம் தொடரலாம்.

இனி வேலை. உங்கள் தொடக்கக் கோப்பிலும், நீங்கள் எழுதி வெளியிட்ட பேக்கேஜ்களிலும் 'ஷெல்-கமாண்ட்' என்று தேடுங்கள். அதோடு ஒட்டி வரும் எல்லா வடிவங்களையும் சேர்த்து. சரங்களை ஒட்டிக் கட்டளை செய்யும் ஒவ்வோர் இடத்தையும் 'கால்-ப்ராசஸ்' போல உறுப்புகளைத் தனித்தனியே வாங்கும் செயற்கூறுக்கு மாற்றுங்கள். அங்கே ஷெல்லே இல்லை, அரைப்புள்ளிக்குப் பொருளும் இல்லை. ஷெல் இல்லாமல் முடியாது என்றால் ஒவ்வோர் உறுப்பையும் மேற்கோளிடும் செயற்கூறு வழியாக அனுப்புங்கள். அதோடு நிற்காதீர்கள்: சிறுகோட்டில் தொடங்கும் கோப்புப் பெயரை பெரும்பாலான நிரல்கள் விருப்பத் தேர்வாக எடுத்துக்கொள்ளும், ஷெல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெயருக்கு முன்னால் இரட்டைக் கோடு போடும் பழக்கம் இருந்தால் பல இடங்களில் அது தடுக்கும். பைத்தானில் சப்ப்ராசஸை ஷெல்லோடு அழைப்பவர்களுக்கும் இதே வேலைதான்.

கல்லூரி ஆய்வகங்களில் நாம் போய் நிறுவிக்கொடுத்துவிட்டு மறந்த கணினிகள் இருக்கின்றன. நிறுவியது நாம், அந்த மாணவர்களுக்குப் புதுப்பிக்கும் உரிமைகூடக் கிடையாது. ஆய்வகப் பொறுப்பாளருக்கு இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள், இந்த வாரத்துக்குள் நேரில் போங்கள். அடுத்த சந்திப்பில் உரை வேண்டாம். எல்லோரும் மடிக்கணினியைக் கொண்டுவாருங்கள். ஆளுக்கு ஒரு பேக்கேஜை எடுத்துக்கொள்வோம், வரி வரியாகத் தேடுவோம், கண்டதை அன்றே மேல்நிலைத் திட்டத்துக்கு எழுதுவோம். ஆர்க் மோடை நான் எடுத்துக்கொள்கிறேன். டிராம்ப் யாருக்கு?