தென்னை மறக்காத வறட்சியை அரசு மறக்கலாமா?

மயிலாப்பூர் மாட வீதியிலும், தி.நகர் கடைத்தெருவிலும், அடையாறு பஸ் நிறுத்தத்திலும் இந்த அறிக்கையைக் கையில் வாங்கும் பெரியோர்களே, தாய்மார்களே! சாமிக்கு உடைக்கிற காயும், சட்னிக்கு அரைக்கிற காயும் விலை ஏறினால் நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். அந்தக் காய் எங்கள் தோப்பில் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நெல் காய்ந்தால் அந்தப் போகத்தோடு போச்சு. தென்னை அப்படியல்ல. குருத்துக்குள் பாளை கருக்கட்டி, வெடித்து, காய் முற்றி வெட்டுக்கு வர ஏறக்குறைய 44 மாதம். இடையில் எப்போது தண்ணீர் இல்லாமல் போனாலும் அடி விழும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-ல் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. இப்படி ஒரு வறட்சி வந்தால், அப்புறம் மழை பெய்தாலும் மூன்று வருஷம் வரை காய்ப்பில் அது தெரியும்.

தண்ணீர் வற்றினால் மரம் சும்மா நிற்பதில்லை. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகி, மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இலைத்துளை மூடுகிறது, ஓலையில் மெழுகு படிகிறது, செல்லைக் காக்கும் புரதங்கள் உருவாகின்றன. ஆனால் துளை மூடினால் உணவு தயாரிப்பும் குறையும். மரம் உயிரைக் காக்கும், குரும்பையைக் கொட்டும்.

இந்தத் தாங்கும் சக்தி ரகத்துக்கு ரகம் மாறும். குட்டை ரகம் சீக்கிரம் வாடும். நாட்டு நெட்டை தாக்குப்பிடிக்கும். ஆழியாறு நகர் ஆராய்ச்சி நிலையம் தந்த வறட்சி தாங்கும் ஏ.எல்.ஆர். 1 ரகம், அரசம்பட்டி நெட்டையிலிருந்து தேர்ந்தெடுத்ததுதானே! அந்தத் தாய்மரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது யார்? விவசாயி!

அவருக்கு என்ன கிடைக்கிறது? 2022-ல் மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிப்படி, பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். மூன்று வருஷ நஷ்டத்துக்கு ஒரு தடவைப் பணமா?

நாம் கேட்பது இரண்டு. தென்னைக்கு வறட்சி நிவாரணத்தை மூன்று வருஷத்துக்குக் கணக்கிட்டுக் கொடு! ஊர்தோறும் உள்ள தாய்மரங்களைக் கணக்கெடுத்துக் காப்பாற்று. அவற்றின் மரபணுவால் யார் லாபம் பார்த்தாலும் காத்த ஊருக்குப் பங்கு கொடு! பலனில் பங்கு என்று 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமே சொல்கிறது. அதை நடத்தவேண்டிய தேசிய பல்லுயிர் ஆணையம் இதோ, அடையாறை அடுத்த தரமணியில்தான் இருக்கிறது.

பிச்சை கேட்கவில்லை, உரிமை கேட்கிறோம். நகரத்து மக்களே, எங்களோடு நில்லுங்கள்! விவசாயிகளே, திரண்டு வாரீர்!