ஓரறிவுயிரும் ஆறறிவுக் காவலும்

திருவண்ணாமலை வீதிகளில் நடந்து செல்வோர், வீட்டின் தலைவாயிலிற் கற்றாழை யொன்று தலைகீழாகத் தொங்குவதைக் காண்பர். கண்ணேறு கழியுமென்று கட்டப்பெற்ற அச்செடி, மண்ணும் நீருமின்றியே பன்னாள் பசுமை குன்றாது நிற்கும். அதனைக் கண்டு பழகிய நாம், சட்டியில் வளர்க்குங் கற்றாழைக்கும் யாதொரு கவலையும் வேண்டாவென எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் பிழையென்பதே எமது கருத்து. நீர் சிறிதே வேண்டுஞ் செடி, நம் பார்வையையும் சிறிதே வேண்டுமென்பது பொருந்தாது.

இதனை யாம் நூலிற் கற்றிலேம், இழப்பிற் கற்றோம். விடுதிச் சன்னலில் வைத்த ஐந்து சட்டிகளுக்கும் தவறாது நீர் வார்த்தோம். ஒருநாளேனும் மடலை விலக்கி நோக்கிலேம். பங்குனி வெயிலில் மடலடிகளில் வெண்பஞ்சு போன்றதொன்று படிந்தது. தூசியென்றே இருந்துவிட்டோம். அது மாவுப்பூச்சி! அறிந்தபின் அஞ்சி, நச்சுமருந்தை வாங்கி அறைக்குள்ளேயே தெளித்தோம். அதன் நாற்றத்தால் இரண்டிரவு தாழ்வாரத்தில் துயின்றவர் யாம். பூச்சியோ தன்னிடத்திலேயே இருந்தது. மூன்று செடிகள் மாண்டன.

நச்சு தோற்றதன் காரணம் யாது? மாவுப்பூச்சியின் உடலை மெழுகுத்தூள் போர்த்திருக்கும். தெளித்த நீர் அதில் ஒட்டாது வழிந்துவிடும். முட்டைகளோ பஞ்சுப்பொதியினுள் மறைந்து கிடக்கும். அஃது உறிஞ்சிய சாற்றின் மிகுதி தேன்போற் கசிய, அதனை நாடிவரும் எறும்புகள் பூச்சியின் பகைகளை விரட்டிக் காவல் புரியும்.

சன்னலில் யாம் கண்ட இவ்வுண்மையை நம் நாட்டு உழவரும் பேரிழப்பிற் கண்டனர். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி முதலியவற்றையும் பற்றிப் பரவிற்று. மருந்துகள் அதனை அடக்கவில்லை. அதற்குப் பகையான நல்லுயிர்களையும் மாய்த்தன. 2010இல் போர்ட்டோ ரிக்கோவினின்று தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னுஞ் சிறு குளவியே, பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதனை அடக்கியது. அயலூர்ப் பூச்சியை அதன் இயற்கைப் பகையைக் கொண்டு வென்றனர் அறிஞர். நச்சினும் கூர்ந்த நோக்கே வலிதென்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

சட்டிச் செடிக்குக் குளவி வேண்டா. கையுங் கண்ணும் போதும். பூச்சி கண்ட செடியை முதற்கண் ஏனையவற்றினின்று பிரித்து வைத்தல் வேண்டும். ஸ்பிரிட்டிற் தோய்த்த பஞ்சினால் மடலடிகளைத் துடைத்தல் நன்று. ஸ்பிரிட்டு மெழுகைக் கரைக்கும். பின்னர் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புங் கலந்து, ஒரு மடலிற் சோதித்து, தீங்கில்லையேல் வெயில் தணிந்தபின் செடியெங்குந் தெளிக்கலாம். முட்டையினின்று புதியன வெளிப்படுமாதலின், வாரந்தோறும் இதனைத் திரும்பச் செய்தல் இன்றியமையாதது. எறும்பு ஏறும் வழியையும் அடைத்தல் வேண்டும். வேரிலும் பூச்சியிருப்பின் மண்ணை மாற்றுக.

“தேர்வுக்கிடையில் இதற்கு நேரமேது?” என்பர் தோழர் சிலர். வாரத்தில் கால் நாழிகை போதுமென்போம். அக்கால் நாழிகையைச் சேமித்தே யாம் மூன்று செடிகளை இழந்தோம்.

தொல்காப்பியர் மரபியலிற் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென்றும், எறும்பை மூவறிவுயிரென்றும், மக்களை ஆறறிவுயிரென்றும் வகுத்தார். ஓரறிவுயிர் தன் துன்பத்தை உரைக்க வாயற்றது. மூவறிவுடைய எறும்பு தன் பூச்சியைக் கருத்தோடு காக்க, ஆறறிவுடைய நாம் நம் செடியைக் காவாதிருத்தல் நாணத்தக்கதன்றோ? ஏதேனில் மனிதனுக்கு இடப்பட்ட பணியும் தோட்டத்தைப் பண்படுத்திக் காத்தலே. எஞ்சிய இரு கற்றாழைகளும் இன்று தளிர்த்துள்ளன. அவற்றின் மடல்களை விலக்கி நோக்காமல் யாம் இப்பொழுது ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கழிப்பதில்லை.