கனவைக் கூலியாகக் கொடுப்பவர்கள்

பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் எழுதப் புகும்போதெல்லாம் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. மைதானத்தின் நடுவே மேடிட்ட மண். அதன்மேல் தனியனாய் ஒரு பிட்சர். கையில் வெண்ணிறப் பந்து. மூச்சை அடக்கிக் காத்திருக்கும் அரங்கம். விதியோடு மோதும் தனிமனிதன் என்ற உருவகம் அங்கே உடனே தயாராகிவிடுகிறது. பெர்னார்ட் மாலமட்டின் ‘தி நேச்சுரல்’ நாவலை (1952) வாசித்தவர்களிடம் இந்த நோய் சற்று முற்றியே இருக்கும். அந்நாவலின் நாயகன் ராய் ஹாப்ஸ் இளம் பிட்சராகப் புறப்படுகிறான். விடுதி அறையில் ஒரு பெண்ணின் துப்பாக்கிக் குண்டு அவன் பாதையை முறித்துப்போடுகிறது. தொன்மத்துக்கு அது பொருத்தமான திருப்பம்தான். ஆனால் உண்மையான பிட்சர்களை எந்த மர்மப் பெண்ணும் சுடுவதில்லை. அவர்களை முடித்துவைப்பவை இரண்டு: முழங்கையின் உட்புறத்திலுள்ள ஒரு சிறிய இணைப்புநார், அணி முதலாளியின் கணக்குப் புத்தகம்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்முறை பிட்சரின் வாழ்க்கையை வீரகாவியமாக வாசிப்பது பிழை; அதை உழைப்பின் வரலாறாகவே வாசிக்க வேண்டும். ‘கனவு’ என்ற சொல்லால் அதைப் போர்த்துபவர்கள், அறிந்தோ அறியாமலோ, முதலாளிகளின் வழக்குரைஞர்களாகிவிடுகிறார்கள்.

முதலில் பாதை எத்தகையது என்று பார்ப்போம். பள்ளியிலோ கல்லூரியிலோ நன்றாக எறியும் இளைஞனை மேஜர் லீக் அணியொன்று ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் எடுத்துக்கொள்கிறது. எந்த அணிக்குச் செல்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கில்லை. பிறகு ‘ரூக்கி’, ‘சிங்கிள் ஏ’, ‘டபுள் ஏ’, ‘டிரிபிள் ஏ’ எனப் படிகள். இவையே மைனர் லீக்குகள். சிற்றூர் அரங்குகள், இரவுப் பேருந்துகள், நெருக்கியடித்த வாடகை அறைகள். தேர்வானவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக்கின் வாசலைக் காணாமலே வீடு திரும்புகிறார்கள். இது விதிவிலக்கல்ல, ஒரு பிட்சரின் வழக்கமான வாழ்க்கைப் பாதையே இதுதான். நாம் பெயர் சொல்லிப் போற்றும் சிலரே விதிவிலக்குகள்.

இந்தப் படிகளில் இருந்தவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது? 2022 வரை ‘சிங்கிள் ஏ’ ஆட்டக்காரருக்கான குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு 11,000 டாலர். ‘ரூக்கி’ நிலையில் 4,800 டாலர். அதுவும் ஆட்டப் பருவத்துக்கு மட்டுமே. வசந்தகாலப் பயிற்சிக்கு ஊதியம் கிடையாது. கோடிகளில் புரளும் ஒரு தொழில், தன் அடித்தளத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே கட்டிவைத்திருந்தது. கேட்டபோது கிடைத்த விடை: இது வேலையே அல்ல, தொழிற்பயிற்சி, அவர்கள் தங்கள் கனவைத் துரத்துகிறார்கள்.

இந்த விடைக்கு நீதிமன்றத்தில் மறுப்புரைத்தவர் ஒரு பிட்சர். காரெட் புரோஷுயிஸ் 2004 தேர்வில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர். மைனர் லீக்குகளில் ஆறு பருவங்கள் எறிந்தார். மேஜர் லீக்கை எட்டவில்லை. பிறகு சட்டம் பயின்றார். 2014ல் ஆரன் சென்னி முதலான முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரர்களின் சார்பில், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மீறப்படுவதாக மேஜர் லீக் நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தார்.

எதிர்த்தரப்பு என்ன செய்தது தெரியுமா? சட்டத்தையே மாற்றியது. 2018 மார்ச்சில், ஈராயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அரசுச் செலவின மசோதா ஒன்றின் உள்ளே ஒரு சிறு பகுதி செருகப்பட்டது. மைனர் லீக் ஆட்டக்காரர் எத்தனை மணிநேரம் உழைத்தாலும் வாரத்துக்கு நாற்பது மணிநேரக் குறைந்தபட்சக் கூலி போதும். பருவத்துக்கு வெளியே நடக்கும் பயிற்சிக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்’. யாரிடமிருந்து காப்பாற்றுவது? பேருந்தில் உறங்கும் பத்தொன்பது வயதுப் பையனிடமிருந்தா? புனைவெழுத்தாளன் ஒருவன் இப்படிப் பெயர் வைத்திருந்தால் அங்கதம் மிகையென்று நாமே குறை கூறியிருப்போம்.

ஆயினும் வழக்கு நின்றது. பயிற்சிக் காலத்திலும் அவர்கள் ஊழியர்களே என்று 2022ல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அவ்வாண்டிலேயே 18.5 கோடி டாலருக்கு நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது. மைனர் லீக்கினர் ஆட்டக்காரர் சங்கத்தில் இணைந்தனர். 2023ல் அவர்களுக்கான முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ‘சிங்கிள் ஏ’ ஊதியம் 26,200 டாலராகவும், ‘டிரிபிள் ஏ’ ஊதியம் 17,500லிருந்து 35,800 டாலராகவும் உயர்ந்தன. ஆயிரக்கணக்கானோரின் வாழ்வை மாற்றிய இந்த மனிதரைப் பற்றி நம் பேஸ்பால் ரசிகக் கட்டுரையாளர்கள் ஒரு பத்தியாவது எழுதியிருக்கிறார்களா? எழுத மாட்டார்கள். அவருடைய கதையில் விளக்கொளியும் ஆரவாரமும் இல்லை.

இனி, எழக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

“நட்சத்திரப் பிட்சர்கள் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்களே, அவர்களுக்காக எதற்குக் கண்ணீர்?” என்பது முதல் மறுப்பு. ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்கை எடுத்துக்காட்டுவார்கள். 2009 தேர்வில் முதலிடம். 2010ல் அறிமுக ஆட்டத்திலேயே 14 பேரை வீழ்த்தியவர். அதே ஆண்டில் முழங்கை அறுவை. 2019 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அதன்பின் ஏழாண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தின்கீழ் அவரால் எட்டு ஆட்டங்களே எறிய முடிந்தது. 2024ல் முறைப்படி ஓய்வு பெற்றார். பணம் வீணாயிற்று என்று அணியின்மேல் இரக்கப்பட்டவர்கள் உண்டு. அந்தப் பணம் எந்தக் கைக்குரிய விலை என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுகள் நிறைந்தால்தான் ஒரு பிட்சர் தன் உழைப்பைப் பொதுச்சந்தையில் விற்க முடியும். பெரும்பாலோர்க்கு அப்போது வயது முப்பதை நெருங்கியிருக்கும். கையின் சிறந்த ஆண்டுகள் மலிவு விலைக்கு ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

இரண்டாவது மறுப்பு பழைமைவாதிகளுடையது. “அந்தக் காலத்துப் பிட்சர்கள் இப்படியா புலம்பினார்கள்? சாண்டி கூஃபாக்ஸைப் பாருங்கள்!” பார்ப்போம். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 1966ல் கூஃபாக்ஸ் 323 இன்னிங்ஸ் எறிந்தார், 27 வெற்றிகள். மூட்டுவாதத்தால் வீங்கிய முழங்கையோடு, ஊசிகளையும் மாத்திரைகளையும் நம்பியே அவற்றை எறிந்தார். அவ்வாண்டு நவம்பரில், முப்பது வயதில், ஆட்டத்தின் உச்சியிலிருந்தே விலகினார். கை நிரந்தரமாக முடங்கிவிடும் என்ற அச்சமே காரணம். அதே ஆண்டின் தொடக்கத்தில் அவரும் சக பிட்சர் டான் டிரைஸ்டேலும் சேர்ந்து பேரம் பேசியதையும், உரிய தொகை கிடைக்கும்வரை பயிற்சிக்கு வர மறுத்ததையும் பழைமைவாதிகள் வசதியாக மறந்துவிடுவார்கள். அந்தக் காலத்தவர்கள் புலம்பவில்லை, வேலைநிறுத்தம் செய்தார்கள்.

மூன்றாவது மறுப்பு மருத்துவத்தின் பெயரால் வருவது. 1974ல் டாமி ஜான் என்ற பிட்சரின் அறுந்த இணைப்புநாருக்குப் பதிலாக, அவரது மறு கையிலிருந்து எடுத்த தசைநாணை மருத்துவர் ஃபிராங்க் ஜோப் பொருத்தினார். 1976ல் திரும்பிவந்த டாமி ஜான் மேலும் 164 ஆட்டங்களை வென்றார். மகத்தான சாதனை, ஐயமில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? அறுவையே பாதையின் ஒரு நிறுத்தமாகிவிட்டது. இன்று மேஜர் லீக் பிட்சர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அந்தக் கத்தியைக் கண்டவர். நேர்வேகப் பந்தின் சராசரி வேகம் 2008ல் மணிக்கு 91.3 மைல்; 2024ல் 94.2 மைல். வேகத்தையும், ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு எறியும் வழக்கத்தையும் காயங்களோடு தொடர்புபடுத்தி 2024 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது மேஜர் லீக் நிர்வாகமேதான். அந்த இளைஞன் ஏன் அப்படி எறிகிறான்? அடுத்த படிக்கு ஏற்றிவிடுவது வேகமானியின் எண்தான் என்பதை அவன் அறிவான். கீழ்ப்படியில் வாழ முடியாத கூலி. மேற்படியில் குறுகிய காலம். இரண்டுக்கும் நடுவே கையைத் தவிர அவனிடம் அடகுவைக்க என்ன இருக்கிறது?

இந்த ஆட்டத்தின் உரிமைப் போராட்டங்களில் பிட்சர்கள் அடிக்கடி முன்னே நிற்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் அதே அணிக்கே உரியவர் என்ற ‘ரிசர்வ்’ விதியை எதிர்த்துக் கர்ட் ஃப்ளட் உச்ச நீதிமன்றம்வரை சென்று 1972ல் தோற்றார், அவர் பிட்சரல்லர். ஆனால் 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸின் தீர்ப்பால் அவ்விதியை உடைத்த ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி இருவரும் பிட்சர்கள். தன் உழைப்புக் கருவி என்றேனும் அறுந்துவிடும் என்பதை ஒவ்வொரு நாளும் உடலால் உணர்பவனுக்குக் காலத்தின் விலை மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

இலக்கியம் என்று கேட்கிறீர்களா? இதற்கும் ஒரு நூல் உண்டு. ஜிம் பௌட்டன் 1963ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 21 ஆட்டங்களை வென்ற பிட்சர். 1965ல் கை நோவு. 4 வெற்றி, 15 தோல்வி. பிறகு சுழலாமல் மிதந்து செல்லும் ‘நக்கிள்பால்’ ஒன்றை நம்பி ஆட்டத்தில் தொற்றிக்கொண்டிருந்தார். 1969 பருவத்தில் அவர் வைத்த குறிப்புகள் ‘பால் ஃபோர்’ என்ற நூலாக 1970ல் வெளிவந்தன. சம்பளப் பேரத்தின் சிறுமைகள், விழித்திருக்க விழுங்கிய மாத்திரைகள், நாளை வெளியேற்றப்படுவோமோ என்ற நடுக்கம் யாவும் அதில் உண்டு. எழுதியது பொய்யென்று கையொப்பமிடுமாறு பேஸ்பால் ஆணையர் போவி கூன் அவரை வற்புறுத்தினார். பௌட்டன் மறுத்துவிட்டார். நகைச்சுவை ததும்பும் அந்நூலின் அடியில் ஓடுவது வேலை பறிபோகும் ஒரு தொழிலாளியின் அச்சம்.

நம் நண்பர்கள் மாலமட்டை வாசிக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. அதன் பக்கத்தில் பௌட்டனையும் வைத்துக்கொள்ளட்டும் என்பதே என் கோரிக்கை. அடுத்த முறை அந்த மண்மேட்டைப் பற்றி எழுத அமரும்போது, அதில் நிற்பவனின் கடந்த மாதக் கூலி எவ்வளவு என்ற கேள்வியோடு தொடங்கட்டும். அந்தக் கேள்வியைத் தாங்காத அழகியல் உடைந்துபோனால் எனக்கு வருத்தமில்லை.